வீஜே பேசுகிறார்

லுட்டாயா அந்த ஜோக்கைச் சொல்வதற்கு முன்பே கொட்டகை சிரித்துவிட்டது.

அவன் வாயைத் திறந்திருந்தான், அவ்வளவுதான். திரையில் சதுப்புப் பூதம் தண்ணீருக்கு மேல் தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும் இடம். அங்கே என்ன சொல்வது என்று அவனுக்கு மனப்பாடம். ஆனால் இன்றைக்கு அதைச் சொல்வதில்லை என்று காலையிலேயே முடிவு செய்திருந்தான். பூதத்துக்கு இன்றைக்கு வேறு பெயர். இனி எப்போதுமே வேறு பெயர். அந்தப் புதுப் பெயரைச் சொல்ல மூச்சை இழுத்த நேரத்தில், நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த கூட்டம் முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. பழைய ஜோக் ஞாபகம் வந்து சிரிக்கிறார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

வெளியே பட்டப்பகல். உள்ளே அது தெரியாது. காம்பாலா நகரத்தின் பள்ளத்துப் பக்கத்து வீடியோ கொட்டகைகளில் ஜன்னல் இருந்தால்தானே. இங்கே இருந்த ஒன்றையும் முதலாளி ஹாஜி கக்கீட்டோ கறுப்புத் தார்ப்பாய் போட்டு ஆணியடித்திருந்தார். தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த சட்டைகளின் வாடை, வறுத்த வேர்க்கடலையின் வாசம், எவனோ இடுப்பில் செருகிக் கொண்டுவந்த வாழைப்பழச் சாராயத்தின் காரம், இவற்றுக்கெல்லாம் அடியில் மண்தரையிலிருந்து கிளம்பி மூக்கில் ஏறும் சாக்கடை ஈரம். கொஞ்ச நாளாக அந்த ஈர நாற்றம் மட்டும் அவன் சட்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

லுட்டாயாவுக்குப் படங்களைப் பற்றி உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. கேட்காதவர்களிடமும் சொல்லுவான். கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படம் பொய் சொல்லும், காசில்லாமல் எடுத்த படத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பான். ரத்தம் செம்பருத்திச் சாறு நிறத்தில் இருக்க வேண்டும். வௌவால் பறந்தால் கயிறு தெரிய வேண்டும். தலை வெட்டுப்பட்டவன் அடுத்த காட்சியில் பின்னால் நின்று டீ குடித்தால் அந்தப் படத்துக்குக் கூடுதல் மரியாதை. பெண்கள் ஜெயில் படங்களில் பாதிக் கதை ஏன் குளியலறையிலேயே நடக்கிறது என்று கேட்டால் எடுத்தவனே தலையைச் சொறிவான். ஆனாலும் லுட்டாயா ஒன்று விடாமல் பார்த்திருக்கிறான். மொட்டைச் சாமியார் ஒருவர் முதலையைக் காலால் உதைத்தே கொல்லும் படத்தை உலகத்தின் தலைசிறந்த படம் என்று வாதாடி, கையிலிருந்த முட்டைச் சப்பாத்தி ஆறிப்போனதுகூட உண்டு.

எல்லாவற்றுக்கும் மேல் பூதப் படங்கள். ரப்பர் உடைக்குள் இருக்கும் ஆளுக்குக் கண் தெரியாது. அதனால்தான் அவன் கைகளை முன்னால் நீட்டித் தடவித் தடவி நடக்கிறான். நம்மைப் பிடிக்க வருகிறான் என்று நாம் அலறுகிறோம். இது அவனே கண்டுபிடித்த உண்மை. பூதப் படத்தில் பாவப்பட்ட ஒரே ஆள் பூதம்தான் என்று அடித்துச் சொல்லுவான். சொல்லும்போது ரொம்பப் பெருமையாக இருக்கும்.

இந்தப் படம் எந்த நாட்டில் எடுத்தது என்று அவனுக்குத் தெரியாது. அதில் பேசுவது என்ன மொழி என்றும் தெரியாது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. படம் ஓட ஓட மைக்கைப் பிடித்து உள்ளூர் மொழியான லுகாண்டாவில் கதை சொல்லிக்கொண்டே போவதுதான் வீஜேயின் பிழைப்பு. புரியாத இடத்தில் வாய்க்கு வந்ததை அடித்துவிடலாம். திரையில் இருப்பவர்களுக்குத் தெரு ஆட்களின் பெயரை வைத்தால் கூட்டம் துள்ளும். எல்லா வீஜேக்களும் செய்வதுதான். அப்படித்தான் ஒரு நாள், ஒற்றைக் கண் பிதுங்கிய அந்தப் பூதத்துக்கு நாபுகாலு என்று பெயர் வைத்தான்.

நாபுகாலு கால்வாய் ஓரத்தில் மரவள்ளிக்கிழங்கு பொரித்து விற்றவள். தனிக்கட்டை. ஒரு கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது, மற்றதும் மங்கிக்கொண்டு வந்தது. பூதம் தண்ணீரிலிருந்து தலையை நீட்டியதும், எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறாள் என்றான் லுட்டாயா. கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த காட்சியில், ராத்திரி இவள் புதைகுழிகளைச் சுற்றி ஆடுகிறவள், அந்த எண்ணெயில் வேகிறது கிழங்கு இல்லை என்றான். பிணம் தின்னும் ஆட்கள் அடுத்த சந்திலேயே இருக்கலாம் என்று நம்புகிற ஊர் இது. முதலில் சிரித்தவர்கள், வீட்டுக்குப் போய் யோசித்தார்கள். பிறகு அவளிடம் கிழங்கு வாங்குவதை நிறுத்தினார்கள். பிள்ளைகள் அவளைக் கண்டால் கண்ணைப் பிதுக்கிக் காட்டிவிட்டு ஓடின.

அவள் ஒரு நாள் அவனைத் தேடிக் கொட்டகைக்கு வந்தாள். வாழையிலையில் நாலு துண்டு கிழங்கு மடித்துக் கொண்டுவந்திருந்தாள். சண்டை போடவில்லை.

"நீ வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்னு எனக்குத் தெரியும் மகனே," என்றாள். "படம் நல்லா ஓடட்டும். என் பேர மட்டும் அதுலேர்ந்து எடுத்துடு."

எடுத்துவிடுகிறேன் என்றான். கிழங்கைத் தின்றான், நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கே கூட்டம் நாபுகாலு, நாபுகாலு என்று காலால் தரையை உதைத்தது. அவனால் ஆசையை அடக்க முடியவில்லை.

பிறகு வெள்ளம் வந்த சாயங்காலம். மின்சாரம் போய், படம் பாதியில் நின்று, எல்லோரும் கொட்டகை வாசலில் ஒதுங்கி நின்றார்கள். தெருவும் கால்வாயும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. அதில் முழங்காலளவு நனைந்து, கைகளை முன்னால் நீட்டி, காற்றைத் தடவித் தடவி நாபுகாலு வந்தாள். ஏன் அப்படி வருகிறாள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்குத்தான் தெரியும். சொல்லுங்க வீஜே என்று யாரோ அவன் தோளை இடித்தார்கள். அவனும் சொன்னான்: இதோ வந்துட்டா, இன்னைக்கு யார் வீட்டுப் புள்ளை. முதல் கல் சிரிப்போடு போனது. அடுத்த கற்கள் அப்படிப் போகவில்லை. அவள் சத்தத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பினாள். அந்தப் பக்கம் கால்வாய். வலப்பக்கம் வாம்மா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் குரல் மைக் இல்லாமலே தெருக்கோடி வரை கேட்கும்.

லுபிகி சதுப்பின் கோரைக்குள் அவள் உடலைக் கண்டெடுத்தார்கள். வெள்ளம் கொண்டுபோனது என்று போலீஸ் சொல்லிவிட்டது. அதற்கப்புறம் அந்தப் படத்தை அவன் தொடவில்லை. ஹாஜிதான் விடவில்லை, ஜனங்கள் கேட்கிறார்கள், மழை நாளில் அதுதான் ஓடும் என்றார்.

கொட்டகை மறுபடியும் சிரித்தது.

இந்த முறை லுட்டாயா வாயே திறக்கவில்லை. மைக் அவன் மடியில் கிடந்தது. சுவிட்சைப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது. மழைச் சத்தத்துக்குள் காதைத் தீட்டிக் கேட்டபோதுதான் ஸ்பீக்கரில் ஒரு குரல் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. வேகமாக, உற்சாகமாக, நடுநடுவே மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எண்ணெய் காஞ்சிடுச்சான்னு பாக்குறா, பாருங்க." அவன் குரல்.

ஹாஜி பழைய காட்சியைப் பதிவு செய்து வைத்துப் போடுகிறார், சோம்பேறி மனுஷன் என்று நினைத்தான். அப்படி நினைத்தது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. குனிந்து ஒயர்களைத் தடவிப் பார்த்தான். படம் ஓடும் பெட்டி ஒன்று, ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, வேறெதுவும் இல்லை. மைக் ஒயரைப் பிடுங்கினான். குரல் நிற்கவில்லை. "என்னமோ நோண்டுறா," என்றது. திரையில் பூதம் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. கூட்டம் சிரித்தது.

சுவரோரமாக நடந்து வாசலுக்குப் போனான். ஹாஜி முக்காலியில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார். லுட்டாயா அவர் தோளைத் தொட்டான். அவர் நிமிர்ந்து பார்த்து, கடலைப் பொட்டலத்தை மெல்ல மறுபக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"தள்ளி நில்லும்மா," என்றார்.

அவரும் விளையாடுகிறாரா. முகத்தில் விளையாட்டு இல்லை. பயத்தை மரியாதையாகக் காட்டுகிறவரின் முகம் அது. லுட்டாயா கதவுத் திரையை விலக்கினான். வெளியே தெரு முழுக்கத் தண்ணீர். எது தெரு, எது கால்வாய் என்று தெரியவில்லை. கால் எடுத்து வைக்கத் துணிச்சல் வரவில்லை.

திரும்பினான். சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. இத்தனை நாள் தொண்டையில் அடைத்துக்கொண்டு கிடந்ததைச் சொல்லிவிட்டால் இது நின்றுவிடும். இந்த ஜனங்கள்தான் கேட்டார்கள், இவர்களிடமே சொல்ல வேண்டும். பலகைகளுக்கு நடுவே நடந்து திரைக்கு முன்னால் போய் நின்றான். படத்தின் பச்சை வெளிச்சம் அவன் முதுகில் விழுந்தது.

"ஏய், மறைக்காத," என்றான் முன்வரிசையில் ஒருவன். "வீஜே பேசறாரு, காதுல விழல?"

"நான்தான்டா வீஜே," என்றான் லுட்டாயா.

முன்வரிசை அமைதியானது. பிறகு அடுத்த வரிசை. எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின. தெரிந்த முகங்கள். இறைச்சிக் கடைக்காரன். மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவர்கள். அவனோடு பள்ளியில் படித்தவன். ஒருவர் கண்ணிலும் அவனைத் தெரிந்த அடையாளம் இல்லை. அவன் முகத்தில் எங்கோ ஓரிடத்தையே எல்லோரும் பார்த்தார்கள். இடது கண்ணை. அந்தக் கண்ணில் அவனுக்கு வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

ஸ்பீக்கர் மௌனமாக இருந்தது. காத்திருந்தது.

அவன் தன்னால் முடிந்தவரை தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"அவ பூதம் இல்ல. அவளுக்குக் கண்ணு தெரியல. எல்லாம் நான் கட்டிவிட்ட கதை."

சொல்லிவிட்டான். மழை கொட்டியது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

ஸ்பீக்கர் அதை மொழிபெயர்த்தது.

"பசிக்குதாம்."

கொட்டகை சிரித்தது. அவன் மறுபடியும் சொன்னான். கத்தினான். என் பெயர் லுட்டாயா என்றான். "புள்ளை வேணுமாம்," என்றது ஸ்பீக்கர். கடைசி வரிசையில் ஒரு தாய் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். மற்றவர்கள் எழுந்தார்கள். எழுந்து, குனிந்து, பலகைகளுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கற்களை உருவ ஆரம்பித்தார்கள். ஒருவர் ஒன்று. ஒருவர் இரண்டு. சிரித்துக்கொண்டே.

ஸ்பீக்கரில் அவன் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது. படத்தின் நல்ல இடம் வரும்போது அவன் அப்படித்தான் செய்வான்.

"இப்பப் பாருங்க," என்றது.