ஒரு நன்றிகூடச் சொல்லாதவன்

வந்ததே கோபம் அவளுக்கு!

நீங்களே சொல்லுங்கள்... கொட்டுகிற மழை. ஒரு கையில் குடை, தோளில் பை, பைக்குள் மதியச் சாப்பாடு. இத்தனையோடு அந்தக் கட்டடத்தின் பாழாய்ப்போன கண்ணாடிக் கதவை முதுகால் முட்டித் தள்ளி, பின்னால் ஓடி வருகிறவன் முகத்தில் அது அறைந்துவிடக் கூடாதே என்று பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வந்தவன் என்ன செய்ய வேண்டும்? ஒரு புன்னகை... ஒரு வார்த்தை... போகட்டும், ஒரு தலையாட்டலாவது?

அவன் பாட்டுக்கு உள்ளே போனான். தோளில் கனமான கருவிப்பை, காதில் போன். "வந்துட்டேன்க்கா... சரி சரி, வை" என்று தமிழில் பேசிக்கொண்டே, ஏதோ கதவோடு சேர்த்து அவளையும் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்பது போல, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனான்.

தமிழ் வேறா! நல்லதாகப் போயிற்று. திட்டுவதற்கு வசதி.

"ஹலோ... உங்களத்தான்!"

அவன் திரும்பினான். இமையில் மழைத்துளி. அதற்குக் கீழே பெரிய, கறுத்த, பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த மாதிரியான கண்கள். இதையெல்லாம் கவனித்ததற்காக அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"என்னங்க?"

"ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"என்ன வார்த்தை?"

"நன்றின்னு ஒண்ணு இருக்கு. கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அவன் கதவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நிஜமாகவே புரியவில்லை அவனுக்கு. "கதவைப் பிடிச்சதுக்கா?"

"ஆமா!"

"நான் முன்னாடி வந்திருந்தா நான் பிடிச்சிருப்பேன். இதுல என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? மரியாதை இருக்கு! மனுஷத்தன்மை இருக்கு!"

"சரிங்க, கோச்சுக்காதீங்க. இனிமே இந்தக் கதவை யாரும் பிடிக்கவே வேண்டாம். அதுக்குத்தான் வந்திருக்கேன்." பையைத் தட்டிக் காட்டினான். "பூட்டு, கதவு ரிப்பேர்."

அவள் படபடவென்று மாடி ஏறினாள். மூன்றாவது மாடியில் இருக்கிற பிசியோதெரபி கிளினிக்கில்தான் அவளுக்கு வேலை. கையும் காலும் மடங்காதவர்களை மடங்க வைக்கிற வேலை. இந்த வெளிநாட்டு ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். பஸ்ஸிலிருந்து இறங்கினால் டிரைவருக்கு நன்றி, கடையில் மீதிச் சில்லறைக்கு நன்றி, வீட்டில் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாலும் நன்றி. அப்படிப் பழகிய வாய். அவனோ ஊர் விட்டு ஊர் வந்து சில வருடங்கள்தான் ஆகிறது.

அன்றைக்கென்று பார்த்து அவளுடைய சிகிச்சை அறையின் பூட்டு மக்கர் செய்தது. சாவி உள்ளே போகிறது, திரும்ப மாட்டேன் என்கிறது. வெளியே ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் காத்திருக்கிறார். வேறு வழி? கீழே கண்ணாடிக் கதவருகே ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தவனிடமே போய் நிற்க வேண்டியதாயிற்று.

அவன் ஏணியிலிருந்து இறங்கி, மாடி ஏறி வந்தான். மண்டி போட்டான். பூட்டில் காதை வைத்து, கண்ணை மூடி, மெல்லிய கம்பி ஒன்றை விட்டு ஆட்டினான். அந்த மூடிய கண்களைப் பார்க்காமலிருக்க அவள் சுவரிலிருந்த எலும்புக்கூடு படத்தை ரொம்பக் கவனமாகப் படித்தாள். 'க்ளக்' என்றது பூட்டு.

"நன்றி! ரொம்ப நன்றி... நல்லவேளை, நன்றிங்க..."

"ஐயோ, போதும் விடுங்க!" அவன் முகம் நிஜமாகவே சுருங்கிற்று. "எங்க ஊர்ல பழகின ஆளுங்களுக்கு இதைச் சொன்னா சண்டைக்கு வருவாங்க. 'என்னை வெளி ஆளாக்கிட்டியா'ன்னு கேப்பாங்க."

"இது உங்க ஊரு இல்ல. நானும் உங்களுக்குப் பழகின ஆள் இல்ல."

"இல்லதான்..." என்றான். கண்கள் மட்டும் அந்தப் பதிலோடு ஒத்துப்போகாத மாதிரி ஒரு கணம் நின்றன. பிறகு பையை எடுத்துக்கொண்டு, "எங்க அக்காவுக்கு ஒரு தோள் தூக்கவே வரலைங்க. கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் "திங்கட்கிழமை வாங்க" என்றது. துரோகி வாய்!

அக்கா வந்தாள். தாய் போனபின் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். இப்போதும் அவனோடுதான் இருக்கிறாள். பெரிய உடம்பு, பெரிய குரல். தலைவாரக்கூடக் கை எழும்பவில்லை. வலி தாங்காமல் "கொலைகாரி... மெதுவாடி!" என்று கத்துவாள். அடுத்த நிமிடமே, "என்ன நீ, காத்தடிச்சா விழுந்துடுவ போலிருக்க? வீட்ல சோறு போடறாங்களா இல்லையா?" என்பாள். வாரத்துக்கு வாரம் கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிற்று. ஆனால் ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது நன்றி என்றோ நல்லாயிருக்கு என்றோ ஒரு சொல்? மூச்!

தம்பியும் அப்படித்தான். அக்காவுக்காகக் காத்திருக்கிற நேரத்தில் கிளினிக்கின் ஆடுகிற நாற்காலியை முடுக்குவான், கிரீச்சிடும் அலமாரிக்கு எண்ணெய் விடுவான். அவள் நன்றி சொல்ல வாயெடுத்தால் காதைப் பொத்திக்கொள்வான்.

"இவ்வளவு பயமா ஒரு வார்த்தைக்கு?"

"பயம் இல்லீங்க, அலர்ஜி."

சிரிப்பாளா, முறைப்பாளா? இரண்டும் சேர்ந்து வரும் அவளுக்கு. மழை பெய்கிற திங்கட்கிழமைகளில் ஜன்னல் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே எட்டிப் பார்த்தாள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஒளிப்பானேன்.

ஒரு விடுமுறை நாளில் அக்கா அவளை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வீடு. இரண்டு அறை, ஒரு அடுப்படி. முழுதாகத் தூக்க முடியாத கையால் அக்காவே சமைத்திருந்தாள். "வெக்கப்படாம சாப்பிடு" என்று தட்டில் கொட்டினாள். எதிரில் அவன். நிமிர்ந்தால் அந்தக் கண்கள்... குனிந்தால் சோறு. அவள் வயிறும் மனசும் நிரம்பித்தான் வீடு திரும்பினாள்.

மறுநாள் காலை, தான் வளர்ந்த முறைப்படி, முழு மனதோடு, பெரிய பூங்கொத்து ஒன்றை அனுப்பி வைத்தாள். கூடவே ஒரு அட்டை: 'தங்கள் உபசரிப்புக்கு மிக்க நன்றி.'

அன்று மாலை அவன் வந்து நின்ற நிற்பு! கருவிப்பையைத் தரையில் வைத்த வேகத்தில் எலும்புக்கூடு படமே ஆடிற்று.

"எங்க அக்கா காலையிலேர்ந்து அழுதுக்கிட்டிருக்கு. சந்தோஷமா உங்களுக்கு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அழறாங்களா? பூ அனுப்பினதுக்கா?"

"சொந்தப் பொண்ணு மாதிரி நெனச்சு சோறு போட்டுது. ஹோட்டல்ல சாப்பிட்ட மாதிரி மறுநாளே பூவை அனுப்பி முடிச்சு விட்டுட்டீங்க! 'தங்கள் உபசரிப்பு'... யாருங்க தங்கள்? எங்க வீட்ல இதுக்குப் பேரு முகத்துல கதவைச் சாத்துறது!"

"எங்க வீட்ல இதுக்குப் பேரு மரியாதை!"

"மரியாதையா? இது தள்ளி வெக்கிறது!"

இத்தனை நாளும் அடக்கி வைத்ததெல்லாம் அவளுக்குக் குபுக்கென்று பொங்கிற்று. "தள்ளி வெக்கிறது யாரு? வாரா வாரம் அந்தத் தோளைப் பிடிச்சுப் பிடிச்சு என் விரலெல்லாம் வீங்குது. கை ஏறும்போதெல்லாம் அவங்க மூஞ்சியையும் உங்க மூஞ்சியையும் பாக்கறேன்... ஒரு வார்த்தை வருமான்னு! நான் என்ன மிஷினா? நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்றதுக்கு உங்க ஊர்ல தடையா?"

அவன் கண்களில் கோபம் இருந்தது, அதன் பின்னால் அடிபட்டது போல வேறென்னவோ இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கீழே அந்தக் கண்ணாடிக் கதவு, அவன் சரிசெய்த அதே கதவு, சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. அறைந்து சாத்தினாலாவது நன்றாக இருந்திருக்கும் போலிருந்தது அவளுக்கு.

அடுத்த திங்கட்கிழமை அக்கா வரவில்லை. அதற்கடுத்த திங்களும் இல்லை. நடுவில் நிறுத்தினால் தோள் பழையபடி இறுகிவிடும். பிறகு எத்தனை இழுத்தாலும் வராது. அது அவளுக்குத் தெரியும். தோள் மட்டுமா இறுகும்? அவளுக்கு ராத்திரியெல்லாம் வயிற்றெரிச்சல். அவன்மேல், அக்காமேல், பூ விற்ற கடைக்காரன்மேல்கூட.

அம்மாவிடம் சொன்னாள். அம்மா பேப்பரிலிருந்து நிமிராமலே, "நன்றி தெரியாத வீட்ல போய் உன்னால குப்பை கொட்ட முடியாது. விட்டுத் தள்ளு" என்றாள். பிறகு மகள் கொடுத்த காபியை வாங்கிக்கொண்டு, "நன்றிம்மா" என்றாள்.

அந்த 'நன்றிம்மா' அவளைச் சுருக்கென்று குத்தியது. அப்பா இந்த வீட்டை விட்டுப் போன நாள் நினைவுக்கு வந்தது. அன்றும் சண்டையில்லை, சத்தமில்லை. பெட்டியோடு வாசலில் நின்று, "இத்தனை வருஷமும் நல்லபடியா பாத்துக்கிட்டதுக்கு நன்றி" என்றார் அப்பா. "உங்களுக்கும் நன்றி" என்றாள் அம்மா. கை குலுக்கிக்கொண்டார்கள்! சின்னப் பெண்ணாகக் கதவிடுக்கில் நின்று பார்த்தவளுக்கு, யாராவது ஒருத்தர் கத்தித் தொலைக்க மாட்டார்களா என்றிருந்தது. ஒருத்தராவது கத்தியிருந்தால் அப்பா போயிருக்க மாட்டார் என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள்.

அவன் கத்தினானே! அக்காவுக்காக அந்தக் கத்து கத்தினானே...

குடையைக்கூட எடுக்காமல் கிளம்பினாள்.

சொட்டச் சொட்ட நனைந்து போய்க் கதவைத் தட்டினாள். நல்ல கையால் திறந்தாள் அக்கா. முகம் கல்லாக இருந்தது.

"என்ன? பூவைத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்தியா?"

"கையைத் தூக்குங்க."

"என்னது?"

"கோபம் இருந்தா என்மேல காட்டுங்க. அறையுங்க வேணும்னா. தோள்மேல காட்டாதீங்க! உக்காருங்க முதல்ல!"

அவளுடைய குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அக்கா அசந்துபோய் உட்கார்ந்தாள். இவள் பிடித்தாள், இழுத்தாள், அக்கா "கொலைகாரி!" என்று கத்தினாள், இவள் "கத்துங்க, நல்லா கத்துங்க!" என்று பதிலுக்குக் கத்தினாள். இறுகிய தோள் மெல்ல மெல்ல விட்டுக்கொடுத்தது. இருவருக்கும் மூச்சு வாங்கிற்று. இருவர் கண்ணிலும் தண்ணீர். ஒருத்திக்கு வலியால். மற்றவளுக்கு எதனால் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

"சாப்பிட்டியா?" என்றாள் அக்கா கடைசியில்.

"இல்ல."

"இனிமே நான் போட்டுத் தரமாட்டேன். அடுப்படியில இருக்கு. போய்ப் போட்டுத் தின்னு."

அடுப்படிக்குப் போனாள். ஜன்னலோரத்தில் ஒரு குண்டானில் அந்தப் பூங்கொத்து இருந்தது. பாதிக்குமேல் வாடிவிட்டது. தண்ணீர் மட்டும் சுத்தமாக, அன்று காலை மாற்றியது போல இருந்தது. கூட வந்த அந்த அட்டையைக் காணோம். பூவை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கிழித்துப் போட்டிருப்பாள் மகராசி! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. தட்டை எடுத்து, தானே போட்டுக்கொண்டு, நின்றபடியே அள்ளி அள்ளித் தின்றாள்.

அப்போதுதான் வாசல் கதவு திறந்தது. மழையோடு அவன். அடுப்படி வாசலில் வந்து அப்படியே நின்றுவிட்டான். கருவிப்பை தோளிலிருந்து நழுவி விழுந்தது.

"நீங்க... இங்க..."

"கண்ணு தெரியலையா? சாப்பிடறேன்."

அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போல நேராக நின்றுகொண்டான். "நீங்க அன்னிக்குச் சொன்னதை யோசிச்சேன். நியாயம்தான். எங்களுக்கு உள்ள இருக்கு, வெளிய சொல்லத் தெரியல. அதனால... பழகிப் பாத்தேன். பூட்டுகிட்டயெல்லாம் சொல்லிப் பாத்தேன்." முகம் சிவந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கசப்பு மருந்தைத் துப்புவது போலச் சொன்னான்: "அக்கா கையைக் காப்பாத்திக் குடுத்ததுக்கு... ரொம்ப... நன்றிங்க."

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை! வந்தே விட்டது!

வந்ததே கோபம் அவளுக்கு!

"என்ன சொன்னீங்க?" தட்டை டொக்கென்று வைத்தாள். "யாருக்கு நன்றி? எனக்கா? கொட்டுற மழையில ஓடி வந்து, உங்க அக்காகிட்ட திட்டு வாங்கிக்கிட்டு, உங்க வீட்டுச் சட்டியைச் சுரண்டித் தின்னுக்கிட்டிருக்கேன்... எனக்கு நன்றியா? நான் என்ன வெளி ஆளா?"

அவன் திகைத்தான். பிறகு அந்தத் தூக்கக் கண்கள்... மெல்ல மெல்ல முழித்துக்கொண்டன.

"வெளி ஆள் இல்லைன்னா..." குரல் தணிந்தது. "அப்போ நீங்க யாரு?"

சோற்றுக் கையோடு நின்றாள்.

"உங்கமேல ஆசைய வெச்சுத் தொலைச்சவ! போதுமா? கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்ன அன்னிக்கே தொலைச்சாச்சு. அதான் அவ்வளவு கோபம் வந்துது, போதுமா?"

"எனக்கும் அன்னிக்கேதாங்க. உங்க ரூம் பூட்டு, கம்பியை விட்டவுடனே திறந்துடுச்சு. சும்மாதான் கம்பியை ஆட்டிக்கிட்டிருந்தேன்... நீங்க பக்கத்துல நின்னீங்களேன்னு."

"ஃபிராடு!" என்றாள். கண்ணீரும் சிரிப்புமாக எச்சில் கையாலேயே அவன் தோளில் ஒன்று வைத்தாள். "ஒண்ணு மட்டும் கேட்டுக்கங்க. எனக்கு நன்றி வேண்டாம். ஆனா நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு வாயைத் திறந்து சொல்லணும். இல்லேன்னா நடக்கிறதே வேற."

கூடத்திலிருந்து அக்காவின் குரல் வெடித்தது. "டேய், வாசக்கதவு திறந்து கெடக்கு, சாரல் உள்ள வருது! சண்டையோ கொஞ்சலோ, கதவைச் சாத்திட்டு வந்து பண்ணுங்க!"

அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். அவள் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். அக்கா சீப்பை எடுத்து, அந்தக் கையாலேயே, உச்சிவரை தூக்கித் தலையை வாரிக்கொண்டிருந்தாள். இவள் பக்கம் திரும்பவில்லை.

"நல்லாத்தான் இருக்கு கை" என்றாள் சுவரைப் பார்த்து.