பிடித்து வைத்த மூச்சு

செல்போன் அலறியது.

சேஃப்டி ஆபீஸர் அருள்மேரி டீ டம்ளரை வைத்துவிட்டு எடுத்தாள். தம்பி ஜோயல். அதே ஃபேக்டரியில் டெக்னீஷியன்.

"அக்கா... மூச்சு முட்டுது..."

"டேய்! எங்கடா கீற?"

"டேங்குக்குக் கீழ... வால்வு குழியில. மேனேஜர் மூடியைப் போட்டுப் பூட்டிட்டாருக்கா! கேஸையும் தொறந்து வுட்டுட்டாரு... உஸ்ஸுன்னு உள்ள வருது..."

அருள்மேரி துள்ளி எழுந்தாள்.

ஒரகடத்தில் அந்த ஃபேக்டரிக்குப் பெருமையே அந்த டேங்க்தான். புகைபோக்கி வழியாகத் தப்பிக்கும் கரியமில வாயுவைப் பிடித்து அதில் அடைப்பார்கள். பிறகு கான்கிரீட் கல்லுக்குள் செலுத்தி, வெளியே வரவே முடியாதபடி கல்லோடு கல்லாக்கிவிடுவார்கள். பூமி சூடாகாமல் இருக்க ஒரு ஏற்பாடு!

ஆனால் காற்றைவிடக் கனமான வாயு அது. குழிக்குள் இறங்கினால் தண்ணீர் போல அடியிலிருந்து நிறையும். உள்ளே இருப்பவன்...

"ஏணி மேல ஏறுடா! மூடிகிட்ட மூக்க வெச்சுக்கோ! உன்ன ஏன்டா பூட்டினான்?"

"கேஸ் கல்லுக்குப் போவுதுன்னு ஊரை ஏமாத்திட்டு... சோடா கம்பெனிக்கு வித்துகினு கீறாரு. சோடாவ தொறந்தா அது திரும்பக் காத்துலதானே போவும்னு கேட்டேன்... அக்கா... அம்மாவ பாத்துக்கோ..."

"ஜோயல்! ஜோயல்!"

போனை மேசையில் எறிந்தாள்.

ஓடினாள்!

டேங்க் பக்கத்தில் மேனேஜர் சுப்பிரமணி நிழலில் நின்றிருந்தார்.

"சாவியக் குடுங்க சார்!"

"எந்த சாவி?"

"உள்ள என் தம்பி சாவறான்! உங்க கால்ல விழறேன் சார்..."

விழுந்தே விட்டாள். அவர் காலை உதறினார்.

"யாரும்மா அவனை உள்ள எறங்கச் சொன்னது? டேங்க் ஃபுல்லு. லீக்கானா நான் இன்னா பண்றது?"

அருள்மேரி சுவரில் மாட்டியிருந்த கோடாரியைப் பிடுங்கினாள். பூட்டின் மேல் போட்டாள். மறுபடியும்... மறுபடியும்... உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது.

பூட்டு அசையவில்லை!

"ஏசப்பா..."

"நவுரு மேரி!"

டேங்கர் டிரைவர் டில்லிபாபு. கையில் கடப்பாரை. ஒரே நெம்பு...

பூட்டு தெறித்தது!

ஏணியின் உச்சியில் கம்பிகளுக்குள் கைகளை நுழைத்தபடி ஜோயல் தொங்கிக்கொண்டிருந்தான். கண்கள் மூடியிருந்தன. வெளியே இழுத்துப் போட்டுக் கன்னத்தில் அறைந்தாள்.

"கண்ணத் தொறடா, டேய்!"

திறந்தான்.

"செத்துட்டேனாக்கா?"

கட்டிக்கொண்டு கதறினாள். அப்போதுதான் உறைத்தது... அவள் இடுப்பிலிருந்த கேஸ் அலாரம் வாயே திறக்கவில்லை! குழியில் கேஸ் நிறையவே இல்லை. பையன் பயத்திலேயே மயங்கியிருக்கிறான்.

சுப்பிரமணியின் முகம் வெளிறியது.

"எப்படி...? மீட்டர் ஃபுல்லுன்னு காட்டுதே!"

டில்லிபாபு தலையைச் சொறிந்தான்.

"எப்பவும் ஃபுல்லா காட்டட்டும், செக்கிங் வர்றவன் ஏமாறட்டும்னு அத மாத்தி வெச்சதே நீதான சார்? அதான் உனக்கே தெரியல. நீ வித்தது போவ மிச்சத்த காலையிலயே நான் வாலாஜாபாத் பக்கம் திருட்டுத்தனமா வித்துட்டேன். உஸ்ஸுன்னு வந்தது அடியில இருந்த கொஞ்சூண்டு."

"துரோகி!"

"திருட்டு கேசுல உள்ள போறேன் சார். கொலைக்கு நான் வரல!"

நழுவப் பார்த்த சுப்பிரமணியின் சட்டைக் காலரை, சத்தம் கேட்டு ஓடி வந்த செக்யூரிட்டி கொத்தாகப் பிடித்தான்.

அக்காவின் மடியில் கிடந்த ஜோயல் தலையைத் தூக்கினான்.

"ஏன் சார்... என்னைக் கொல்றதுக்காச்சும் கொஞ்சம் ஸ்டாக் வெச்சிருக்கக் கூடாதா?"