ஈரத் தரையில் இடது பாதம்

மழை விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் எலும்பு டாக்டர் பழைய வார்டுக்கு வந்து சேர்ந்தார். வாசலிலேயே காலணியைக் கழற்றி வைத்தார். அந்த வார்டில் ஆயா வைத்ததுதான் சட்டம்; எப்பேர்ப்பட்ட பெரிய மனிதரும் வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே ஆயா யாரையோ பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள். எதிரில் ஆள்தான் யாரும் இல்லை.

"இப்பதான் துடைச்சேன். அதுக்குள்ள எவனோ மிதிச்சுட்டுப் போயிருக்கான். பாருங்க டாக்டர், நீங்களே பாருங்க!"

பார்த்தார். மங்கிய வெளிச்சத்தில், ஈரத் தரையில் வரிசையாகக் காலடிகள். வலது பாதம் நேராகப் போயிருந்தது. இடது பாதம் ஒவ்வொரு அடியிலும் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

டாக்டர் அந்தத் தடங்களைக் கண்ணால் தொடர்ந்தார்.

காலடிகள் அவருடைய அறைக்குள் போயிருந்தன. திரும்பி வரவில்லை.

அந்தப் பாதத்தை அவருக்குத் தெரியும். அது அவர் கைவண்ணம்.

தபால்காரர் ஒருவர் வண்டியிலிருந்து விழுந்து, இடது தொடை எலும்பை முறித்துக்கொண்டு வந்திருந்தார். எலும்புக்குள் நீளமான உலோகக் கம்பியைச் செலுத்தி, மேலும் கீழும் திருகாணி போட்டு இறுக்கும் அறுவை சிகிச்சை டாக்டருக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனால் திருகாணி போடுவதற்கு முன் இரண்டு காலையும் சேர்த்துப் பார்த்து, முழங்காலும் பாதமும் ஒரே திசையில் இருக்கின்றனவா என்று ஒப்பிட வேண்டும். அன்றைக்கு அவர் ஒப்பிடவில்லை. உயிரணு சிகிச்சையைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசுவதற்கு விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது.

எலும்பு அருமையாகக் கூடியது. கோணலாகக் கூடியது. சரிசெய்ய வேண்டுமானால் எலும்பை மறுபடி வெட்டித் திருப்பி வைக்க வேண்டும். அதற்கு முதலில், தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். அதற்கு அவருக்கு வாய் வரவில்லை.

"புதுசா ஒரு சிகிச்சை வந்திருக்கு. கொஞ்சம் கொஞ்சமா நேராயிடும்" என்றார். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, அதில் எலும்பை வளர்க்கும் உயிரணுக்களைப் பிரித்துத் தொடையில் ஊசியாகப் போடுவது. கூடாத எலும்பை அது ஒருவேளை கூட வைக்கலாம். திரும்பிக் கூடிய எலும்பை எந்த உயிரணுவும் திருப்பாது. மாநாட்டில் கைதட்டல் வாங்கியவருக்கு இது தெரியாதா என்ன?

தபால்காரர் நம்பினார். "நம்ம டாக்டர் கைராசிக்காரர். கால் நேராயிட்டு வருது பாருங்க" என்று வார்டு முழுக்கக் காட்டிப் பூரித்துப்போவார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். போன மாதம் மாடிப்படியில் வேகமாக இறங்கும்போது, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பாதம் கைப்பிடிக் கம்பியில் மாட்டி, தலைகுப்புற விழுந்து போய்ச் சேர்ந்தார்.

இப்போது அறையில் யாரும் இல்லை. தபால்காரர்கள் மாட்டும் தோல்பை நனைந்தால் வரும் வாசனை மட்டும் இருந்தது. காலடிகள் நோயாளி உட்காரும் நாற்காலியருகே முடிந்திருந்தன.

"உள்ள வரலாமா டாக்டர்?"

தபால்காரரின் மனைவி. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஏனோ அவள் அதில் உட்காராமல், பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். ரெண்டாவது ஊசிக்கு வரச் சொல்லியிருந்தீங்க. நான் தங்கச்சி பிரசவத்துக்குப் போயிட்டேன், தள்ளிப் போச்சு. அதைப் போட்டிருந்தா கால் நேராகி, விழாம இருந்திருப்பாரா? கண்ணை மூடினா இதுதான் வருது. நான்தான் கொன்னுட்டேனா டாக்டர்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு.

"நேரத்துக்கு வந்திருந்தா... ஒருவேளை பலன் இருந்திருக்கும்."

அவள் தலை கவிழ்ந்தது.

மேசைக்கடியில் ஏதோ ஒன்று அவர் காலைத் தொட்டது.

சில்லென்று. ஈரமாக.

ஒரு பாதம். அவள் பக்கமிருந்து வரவில்லை. காலி நாற்காலியிலிருந்து வந்தது. விரல்கள் பக்கவாட்டில் திரும்பியபடி, அவருடைய இடது பாதத்தின் மேல் ஏறி நின்றது.

அழுத்தியது.

"என்ன டாக்டர், இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல. அதாவது, சில பேருக்கு வயசு காரணமா..."

இன்னும் அழுத்தியது. எலும்பில் துளையிடும் கருவியின் ரீங்காரம் அவர் காதுக்குள் கேட்டது.

"அம்மா," என்றார். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "உங்க மேல தப்பே இல்ல. நான்தான் காலைக் கோணலா வெச்சுத் திருகிட்டேன். ஆயிரம் ஊசி போட்டாலும் அது நேராகாது. எனக்குத் தெரியும். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நேராயிட்டு வருதுன்னு நம்பித்தான் கைத்தடியைத் தூக்கிப் போட்டாரு," என்றாள் மெதுவாக. "கோணல்தான்னு சொல்லியிருந்தா, பாத்து இறங்கியிருப்பாரு."

எழுந்து போய்விட்டாள்.

பாதம் போகவில்லை.

டாக்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முகத்தை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்துக் காலின் மேலிருந்த கனம் மெல்லக் கரைந்தது. குனிந்து பார்த்தார். மேசைக்கடியில் ஒன்றுமில்லை.

ஒருவழியாகத் தொலைந்தது என்று எழுந்தார். அறுவை அரங்கில் அடுத்த தொடையெலும்பு காத்திருந்தது. ஆயா மறுபடி துடைத்து வைத்திருந்த தரையில் விறுவிறுவென்று நடந்தார்.

"ஓ! நீங்கதானா டாக்டர் அது?" பின்னாலிருந்து ஆயா கூவினாள். "காலையிலேருந்து எவனையோ திட்டிக்கிட்டிருக்கேன்!"

திரும்பிப் பார்த்தார்.

அறையிலிருந்து அவர் நிற்கும் இடம் வரை ஈரக் காலடிகள். வலது பாதம் நேராக. இடது பாதம் வெளிப்பக்கமாக.

குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். இரண்டும் நேராகத்தான் இருந்தன.

கட்டில்களில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கி, தரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அத்தனை கண்களுக்கும் முன்னால் அவர் இடது காலை மிக மெதுவாக, நேராக ஊன்றினார். எடுத்தார்.

தடம் வெளியே திரும்பியிருந்தது.