அலையின் முகட்டில் ஒரு குரல்

அந்த மருத்துவமனையின் தூக்கப் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. வெளியே உச்சி வெயில் கொளுத்தினாலும், கனத்த திரைகள் அந்த அறையை இருட்டுக்குள் வைத்திருக்கும். மருந்து நெடியோடு பழைய மெத்தையின் ஈரவாடையும் வரும். தூங்குபவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்வது அங்கே தொழில்நுட்பராக இருந்த இவளுடைய வேலை.

அன்று மதியம் ஒரு பெண் தன் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். கடிகாரம் பழுது பார்த்தே காலத்தை ஓட்டியவர் அவர்.

"அம்மா போய் வருஷமாகப் போகுது. தினமும் எழுந்ததும் 'உங்கம்மா எங்க?'ன்னு கேட்பார். நான்தான் சொல்லணும். அன்னிக்குத்தான் செத்த மாதிரி அழுவார்," என்றாள் மகள். "என்னால முடியலைங்க."

"ஆழ்ந்து தூங்குறப்போ மூளையில மெதுவா ஒரு அலை எழும்பி அடங்கும். பகல்ல கேட்டதை மனசுல பதிய வைக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு. குழந்தைங்களுக்கு மலை மாதிரி எழும்பும். வயசாக ஆகக் குறைஞ்சிடும். அலை எழும்புற நேரம் பார்த்து மெல்லிசா ஒரு சத்தம் கொடுத்துப் பார்ப்போம். அலை உயர வாய்ப்பிருக்கு," என்றாள் இவள்.

பெரியவர் சிரித்தார். "தூங்கினா ஞாபகம் நிக்குமா? அப்போ வகுப்புல தூங்கினதுக்கு வாத்தியார்கிட்ட வாங்கின அடியெல்லாம் வீணா?"

தலையில் கம்பிகளை ஒட்டிய பிறகு, மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் செய்தியைச் சொன்னாள். அவர் சிரிப்பு அப்படியே உடைந்தது. அழுது அழுது உறங்கிப்போனார்.

பெண்கள் இருவரும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள். திரையில் அலைகள் குட்டை குட்டையாக ஊர்ந்தன. ஒலிபெருக்கி 'உஸ்' என்றது.

அலை உயர்ந்தது. இன்னும் உயர்ந்தது.

கிழவரின் அலை அல்ல அது. சின்னக் குழந்தையின் அலை.

விழித்ததும் அவர் மகளைப் பார்த்தார். "உங்கம்மா போயிட்டா. நீ சொன்னியே."

மகள் அவர் தோளில் சாய்ந்து விம்மினாள்.

"அவளும் சொன்னா," என்றார். "காதுகிட்ட வந்து."

கனவு என்று பெண்கள் இருவரும் விட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார்கள். அலை எழும்பியது. ஆனால் சத்தம் வேறு மாதிரி இருந்தது, இழுவையாக, மூச்சுக்காற்றோடு. இவள் ஒலிபெருக்கியை அணைத்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

அறைக்குள் இருந்த மைக் வழியாகத்தான் அது வந்துகொண்டிருந்தது. அலையின் முகட்டில் ஒரு பெண் குரல்.

"என்னை வச்சுக்கோ."

அலை இறங்கியது. நிசப்தம். மறுபடி எழும்பியது.

"அவளை விட்டுடு."

"உங்கம்மா குரலா?" என்று கேட்டாள் இவள்.

மகள் இல்லை என்று தலையாட்டினாள். "எங்கம்மாவுக்குப் பிறவியிலேயே பேச்சு வராதுங்க. கையாலதான் பேசுவாங்க."

இருவரும் உள்ளே ஓடி விளக்கைப் போட்டார்கள். யாரும் இல்லை. பெரியவரின் தலைமாட்டில், ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியிருந்த மெத்தை மெல்ல மேலெழும்பியது.

அவர் கண் விழித்தார். மகளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க யாரும்மா?"

"அப்பா... நான்தான்ப்பா, உங்க பொண்ணு."

"எனக்குப் பொண்ணே கிடையாதுன்னு அவ சொன்னாளே."

இவள் கம்பிகளைப் பிய்த்தெடுத்தாள். "போதும். இனிமே இங்க கூட்டிட்டு வராதீங்க."

சில நாட்களில் மகள் போன் செய்தாள். அப்பாவுக்குத் தன்னை அடையாளம் தெரிகிறது. காலையில் பழையபடி அம்மாவைத் தேடுகிறார், அழுகிறார். "அழட்டுங்க. நானும் கூட உட்கார்ந்து அழுதுக்கிறேன்," என்றாள். அதைக் கேட்டு இவளுக்கு உயிர் வந்தது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு மதியம் இவளே கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்து மகள் எடுத்தாள். குரலில் தூக்கம் வழிந்தது.

"அப்பா எப்படி இருக்கார்?"

"தூங்குறார். நானும் இப்பல்லாம் நல்லாத் தூங்குறேன்."

"காலையில இன்னும் அழுறாரா?"

"எதுக்கு அழணும்? அம்மா எங்ககூடத்தானே இருக்காங்க."

"உங்கம்மாவா?" என்றாள் இவள்.

"ஆமா," என்றாள் மகள், சிரித்தபடி. "சின்ன வயசுல இருந்தே அம்மா பாடினாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."