ஏழாம் தடையின் ரொட்டிப் பெட்டி

"உங்கள் ஊர்ப் போட்டி ஒன்றின் வரலாற்றை நான்கு பக்கம் எழுதி வாருங்கள்" என்று ஆசிரியை சொன்னதும் எனக்கு ஒரே குஷி. எங்கள் ஊரில் வருடா வருடம் குதிரைப் போட்டி நடக்கும். இது முப்பதாவது வருடம். என் அக்கா முதல் முறையாகக் கலந்துகொள்ளப் போகிறாள்.

மூன்று நாள் போட்டி அது. முதல் நாள் குதிரை பதவிசாக நடந்து காட்ட வேண்டும். இரண்டாம் நாள் மேடு, பள்ளம், குட்டை எல்லாம் கடந்து பதினெட்டுத் தடைகளைத் தாண்டி ஓட வேண்டும். மூன்றாம் நாள் மைதானத்தில் கம்பங்களைத் தாண்ட வேண்டும். மூன்று நாளும் அதே குதிரை, அதே ஆள்.

அக்காவின் குதிரைக்கு வயது பத்தொன்பது. லாயத்தில் எல்லோரும் அதைப் 'பெரியவர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வருடத்தோடு அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும் என்று குதிரை வைத்தியர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு முதல் போட்டி, பெரியவருக்குக் கடைசிப் போட்டி.

வரலாறு கேட்டு லாயத்து அலுவலகத்துக்குப் போனேன். புதுச் செயலாளர் மாமா சுவரில் இருந்த மரப்பலகையைக் காட்டினார். இருபத்தொன்பது வருட வெற்றியாளர்களின் பெயர்கள் தங்க எழுத்தில் மின்னின.

"இதான் வரலாறு. பாத்து எழுதிக்கோ."

பத்தே நிமிடத்தில் எழுதி முடித்தேன். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

"வேற ஏதாவது இருக்கா மாமா?"

"அந்தத் தகரப் பெட்டியில பழைய தாளுங்க கிடக்கு. உள்ள எலி இருந்தா நான் பொறுப்பில்ல."

எலி இல்லை. அதைவிடச் சுவாரசியமானது இருந்தது.

இரண்டாம் நாள் ஓட்டத்தில் ஒவ்வொரு தடைக்கும் பக்கத்தில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குதிரை தாண்டியதா, மறுத்ததா என்று தாளில் குறிப்பார். எல்லோரும் உதவிக்கு வரும் ஊர்க்காரர்கள்தான். தாளின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது.

முதல் வருடத் தாளில் பல் மருத்துவர் எழுதியிருந்தார்: 'குதிரை குட்டைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. ஓட்டியவர் நிற்கவில்லை. நன்றாக நீந்துகிறார்.'

ஒன்பதாம் வருடம், தபால்கார அத்தை: 'குதிரை தடையைத் தாண்டவில்லை. என் வைக்கோல் தொப்பியைத் தின்றுவிட்டது.'

பதினான்காம் வருடம் ஏழாம் தடைக்குத் தாளே இல்லை. ரொட்டிப் பெட்டியிலிருந்து கிழித்த ஓர் அட்டைதான் இருந்தது. 'மழையில் தாள் கரைந்துவிட்டது. அட்டையில் எழுதுகிறேன். கடைசிக் குதிரை வரும்வரை எழுந்திருக்க மாட்டேன்.' ரொட்டிக்கடை மாமாவின் கையெழுத்து.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் பலகையை நிமிர்ந்து பார்த்தேன். அந்த வருடம் ஜெயித்தவர் பெயர் இருந்தது. மழையில் உட்கார்ந்திருந்தவர் பெயர் எங்கேயும் இல்லை.

அப்போது அக்கா உள்ளே வந்தாள். முகம் தொங்கிப் போயிருந்தது.

"வாலு, ரெண்டாம் நாள் ஓட்டம் நடக்காது போலிருக்கு. பதினெட்டுத் தடைக்கும் ஆள் வேணும். ஆறு பேருதான் வர்றாங்களாம்."

"மத்த பன்னெண்டு பேரு?"

அக்கா செயலாளர் மாமாவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். விஷயம் மெல்ல வெளியே வந்தது. அவர் எல்லோருக்கும் நாற்பத்தாறு பக்க விதிப் புத்தகத்தை அனுப்பி, 'படித்துவிட்டுப் பரீட்சை எழுதியவர்கள் மட்டும் வரலாம்' என்று எழுதியிருக்கிறார்.

"இத்தன வருஷமா உக்காந்தவங்களுக்குப் பரீட்சையா மாமா?"

"எல்லாம் முறையா நடக்கணுமேன்னு பாத்தேன்," என்று அவர் தலையைச் சொறிந்தார். "சரி, பரீட்சை வேணாம்னு சொல்லிட்டேன். ஆனா அவங்க கோவம் போகலியே! சனிக்கிழமை காலையில எட்டு மணி வரைக்கும் பாப்போம். இல்லேன்னா ரத்துதான்."

"நீ போய்க் கெஞ்சிப் பாரேன்," என்றாள் அக்கா என்னிடம். "பெரியவருக்கு அடுத்த வருஷம் கிடையாதுடி."

வராத பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கோர் அட்டை செய்தேன். ஒவ்வொன்றிலும் அவரவர் எழுதிய குறிப்பை அப்படியே எழுதி, கீழே 'நன்றி' என்று போட்டேன்.

ரொட்டிக்கடை மாமா தன் அட்டையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் இருந்த மாவு இன்னும் பரவியதுதான் மிச்சம்.

"இத யாராவது படிப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்லம்மா."

"நான் மூணு தடவ படிச்சேன் மாமா."

இப்போது கேட்டுவிடலாம். வார்த்தை வாய்வரை வந்தது. ஆனால் நன்றி சொன்ன வாயால் உடனே உதவியும் கேட்டால் அது நன்றியாகவே இருக்காது என்று தோன்றியது. பேசாமல் வந்துவிட்டேன். மற்ற பதினோரு வீட்டிலும் அதே கதைதான்.

"கேட்டியா?" என்றாள் அக்கா.

"இல்ல. நன்றி மட்டும் சொன்னேன்."

"உருப்பட்ட மாதிரிதான்!"

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஆறே நாற்காலிகள். அக்கா பெரியவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரொட்டிக்கடை வண்டி வந்து நின்றது. முதலில் ஒரு மடக்கு நாற்காலி இறங்கியது. பிறகு மாமா இறங்கினார். பின்னாலேயே பல் மருத்துவர் வந்தார். தபால்கார அத்தை புதுத் தொப்பியோடு வந்தார். அவர் பையிலிருந்து என் அட்டை எட்டிப் பார்த்தது.

எட்டு மணிக்கு எண்ணினோம். பதினேழு பேர்! பன்னிரண்டாவது வீட்டுத் தாத்தாவுக்குக் காலில் மாவுக்கட்டு. ஆனாலும் தன் நாற்காலியை மட்டும் அனுப்பியிருந்தார்.

எல்லோரும் செயலாளர் மாமாவைப் பார்த்தார்கள்.

"நானா?"

"பரீட்சை எழுதிட்டீங்கல்ல?" என்று தபால்கார அத்தை கேட்டார். கூட்டமே சிரித்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பதினெட்டாம் தடைக்கு நடந்தார்.

அக்கா ஓடியதை ஒலிபெருக்கியில்தான் கேட்டேன். "ஏழாம் தடையில் மறுப்பு!" என்றதும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே ஓடிப்போய் நின்றேன். சிறிது நேரத்தில், "எட்டாம் தடையைத் தாண்டியாயிற்று!" என்று கேட்டது. மறுநாள் போட்டி முடிந்தபோது இருபது பேரில் அக்கா பதினான்காவதாக வந்தாள். முதலாவதாக வந்தவரைவிட அதிகமாகக் குதித்தாள்.

செயலாளர் மாமாவின் குறிப்பு இப்படி இருந்தது: 'நான்கு மணி நேரம். ஒன்பது எறும்புக்கடி. இவர்கள் இதை முப்பது வருடமாகவா செய்கிறார்கள்!' அவரே முன்னின்று, மரப்பலகையில் வெற்றியாளர் பெயருக்குக் கீழே அந்தப் பதினெட்டுப் பேரின் பெயரையும் எழுத வைத்தார். மாவுக்கட்டுத் தாத்தாவையும் சேர்த்துப் பத்தொன்பது.

என் வரலாறு பதினோரு பக்கம் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஏழாம் தடையின் குறிப்பை எழுதினேன். அன்று ஒரு சொட்டு மழைகூட இல்லை. ஆனாலும் மாமா ரொட்டிப் பெட்டி அட்டையில்தான் எழுதியிருந்தார்:

'நரைத்த குதிரை. ஒரு முறை மறுத்தது. பிறகு யோசித்து, அழகாகத் தாண்டியது. நான் கை தட்டிவிட்டேன். விதிப்படி தட்டக் கூடாது. மன்னிக்கவும்.'

அந்த அட்டை தகரப் பெட்டிக்குள் போகவில்லை. பெரியவரின் லாயக் கதவில் ஒட்டியிருக்கிறது.