வெதுவெதுப்பான தண்ணீர்

ஏசியை நேற்று மதியமே அணைத்தாயிற்று. இருந்தும், வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தவளின் காலில் முதலில் பட்டது ஈரம்தான். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் சின்ன அறையின் கதவிடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து, கூடத்து மிதியடியை ஊறவைத்து, செருப்புகள் வரை நாக்கை நீட்டியிருந்தது.

அவள் பேருந்து ஓட்டுபவள். விடியலிலிருந்து ஊரார் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாவது கொஞ்சம் கால் நீட்டலாம் என்றால், இங்கே வாளியும் துணியும் காத்திருந்தன. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

வீடு கணவனின் அண்ணனுடையது. கணவன் கப்பல் வேலைக்குக் கிளம்பிய கையோடு, "வாடகை எதுக்கு மா, நம்ம வீடுதானே" என்று தேனாகப் பேசி அவளை இங்கே குடிவைத்துவிட்டு, அவர் தன் மனைவியோடு ஊரின் மறுகோடிக்குப் போய்விட்டார். கூடவே பக்கவாதத்தில் விழுந்து பேச்சும் போய்விட்ட தகப்பனையும் அவள் தலையில் கட்டிவிட்டார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது இந்தப் பம்ப். ஏசி ஓடும்போது காற்றிலிருந்து இறங்கும் ஈரத்தைச் சேர்த்து வெளியே தள்ளுகிற செருப்புப் பெட்டி அளவு சாமான். அது செத்து மாதக்கணக்காகிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஆள் அனுப்புகிறேன் என்றார். அந்த ஆள் எந்தத் தேசத்திலிருந்து நடந்து வருகிறானோ தெரியவில்லை.

நேற்றுப் பேசியபோது நானே மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னாள். அவர் குரல் சட்டென்று மாறியது.

"நீ அதுல கை வைக்காத மா. சொன்னா கேளு."

பொம்பளைக்கு என்ன தெரியும் என்கிற தொனியாகத்தான் அவளுக்கு அது பட்டது. பழுதாகி நடுவழியில் நிற்கும் பேருந்தைத் தட்டிக்கொட்டிக் கிளப்பிப் பணிமனை சேர்க்கிறவளிடம். இன்று வரும் வழியில் கடையில் இறங்கி, இருப்பதிலேயே பெரிய பம்பாகப் பார்த்து வாங்கி வந்துவிட்டாள்.

மாமனாரை எட்டிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு ஊட்டிவிட்டுப் போயிருந்தார். கட்டிலருகே செம்பு காலியாக இருந்தது. எவ்வளவு ஊற்றினாலும் போதாது அவருக்கு. கரண்டியால் செம்பைத் தட்டிக்கொண்டே இருப்பார். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அந்தச் சத்தம் கேட்டால் எரிந்து விழுவாள். இப்போதும் தட்டினார்.

"இருங்க மாமா. எனக்கு ரெண்டு கைதான்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டின் கீழ் நுழைந்தாள்.

உள்ளே புழுக்கம். சுவரோரம், வீடு முழுவதற்குமான ஏசி இயந்திரம் பீரோ போல நின்றது. அதற்கான மின்சாரத்தைத் துண்டித்தாள். கைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, பழைய பம்பைப் பிடித்து இழுத்தாள். பெட்டிக்குள் கொழகொழவென்று பாசி. நீர்மட்டம் ஏறும்போது மோட்டாரைத் தட்டிவிட வேண்டிய மிதவை அதில் சிக்கிக் கிடந்தது. நாற்றம் குமட்டியது. பாசி நாற்றமில்லை. பல் துலக்காமல் தூங்கி எழுந்தவர் முகத்துக்கு நேரே கொட்டாவி விட்டதுபோல.

பெட்டிக்குள் ஒரு குழாய் இறங்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. ஒன்று இயந்திரத்திலிருந்து. விரல் பருமனில் இருந்த மற்றொன்று சுவரிலிருந்து. அண்ணன்காரரின் அரைகுறை வேலை என்று திட்டிக்கொண்டே இரண்டையும் புதுப் பம்பில் செருகினாள். வெளியேற்றும் குழாயைப் பொருத்தினாள். மின்சாரத்தைக் கொடுத்துச் சோதனைக்கு ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாள். பம்ப் உறுமியது. தண்ணீர் ஒரே மூச்சில் மேலேறி வெளியே போயிற்று. இடுப்பில் கைவைத்து நின்றாள். இதற்கா இத்தனை மாதம் இழுத்தடித்தார்?

பம்ப் நின்றது. கைவிளக்கை எடுக்கக் குனிந்தாள்.

சொட்டு.

இயந்திரத்தின் குழாய் வழியாக எதுவும் வரவில்லை. அதன் வாய் உலர்ந்து தூசி படிந்திருந்தது. சுவர்க்குழாயிலிருந்துதான் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அது மெல்லிய ஒழுக்காயிற்று, கொஞ்ச நேரம் நின்றது, மறுபடி ஒழுகிற்று. அந்த நிறுத்தத்துக்கும் ஒழுக்குக்கும் ஒரு சீர் இருந்தது. எங்கோ கேட்டுப் பழகிய, மனம் உடனே பெயர் சொல்ல மறுக்கிற சீர். அவள் விரலை நீட்டினாள். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தது. குழந்தையின் கன்னத்தைத் தொட்டதுபோல.

மூச்சின் சீர்தான் அது.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமனாரின் அறை. செம்பைத் தட்டும் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கட்டைவிரலால் குழாயின் வாயை அடைத்தாள். அடைத்ததும் அந்தப் பக்கத்தில் யாரோ நீருக்கடியிலிருந்து மேலே வந்ததுபோல இழுத்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. விரலை எடுத்தாள். சத்தம் அறுந்தது. மறுபடி அடைத்தாள்.

"எடுக்காத."

அது அவர் குரல். பேச்சே போன மனிதரின் குரல், சுவர் வழியே, தெளிவாக.

"எடுக்காத மா."

விரலுக்கடியில் தண்ணீர் முட்டியது. அழுத்தம் கூடியது. நகம் வெளுத்தது. புதுப் பம்ப், பெட்டியில் சொட்டு நீர் இல்லாதபோதும், உறுமத் தொடங்கியது. மறுகையால் அதன் மின்கம்பியைப் பிடித்து இழுத்தாள். பிளக் கழன்று அவள் கைக்கே வந்துவிட்டது.

உறுமல் நிற்கவில்லை.

கழுத்திலிருந்த துண்டை உருவி, முனையை முறுக்கிக் குழாய்க்குள் திணித்தாள். ஒட்டுநாடாவைச் சுற்றினாள். மறுபடி சுற்றினாள். எழுந்து ஓடும்போதே கைப்பேசியில் கணவனின் அண்ணனை அழைத்தாள். அவர் எடுத்ததும், பின்னால் கேட்ட உறுமலை வைத்தே புரிந்துகொண்டார்.

"மாட்டிட்டியா?"

அவள் கூடத்து ஈரத்தில் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா படுத்திருந்தப்ப நானும் இப்படித்தான் புதுசு மாத்தினேன். அன்னிக்கு ராத்திரியே போயிட்டாங்க" என்றார். அழுகிறாரா, கணக்குச் சொல்கிறாரா என்று தெரியாத குரல். "பழசு செத்துக் கிடந்தாலும் மெதுவா இழுக்கும். வருஷக்கணக்குல. புதுசு விடாது."

"தெரிஞ்சேதான் எங்களை இங்க விட்டீங்களா?"

"அப்பா இருக்குற வரைக்கும் அது வேற ஆள் பக்கம் திரும்பாது மா. அந்தத் தைரியத்துலதான்..."

அவள் கைப்பேசியை விட்டெறிந்தாள். உடம்பெல்லாம் நெருப்பாக எரிந்தது. அந்தாளை, அந்தத் தேன் பேச்சை, வாடகை இல்லை என்றதும் பல்லிளித்துச் சம்மதித்த தன்னை, செம்பைத் தட்டிய கிழவரிடம் எரிந்து விழுந்த தன் வாயை, எல்லாவற்றையும் கொளுத்திவிடலாம் போலிருந்தது. இவரைத் தூக்கிக்கொண்டு வெளியே போவேன், அப்புறம் இருக்கு உங்களுக்கு என்று சத்தமாகவே சொன்னாள்.

படிக்கட்டின் கீழே, குழாயை அடைத்த துண்டு ஈரத்தோடு தரையில் விழும் ஓசை.

அறைக்குள் நுழைந்தாள். அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். ஒரு வாய்த் தண்ணீர் கேட்பவர்போல வாய் திறந்திருந்தது. உள்ளே நாக்கு காய்ந்த இலையாகச் சுருண்டிருந்தது. கண்கள் மட்டும் அவளை நோக்கி அசைந்தன.

"வாங்க மாமா. போலாம்."

இரு கைகளிலும் அள்ளினாள். எடையே இல்லை. துவைத்துக் காய்ந்த துணிகளை வாரி எடுத்ததுபோல. தோள் எலும்பு அவள் மார்பில் குத்தியது. வாசலை நோக்கித் திரும்பினாள். மூச்சு ஒன்று வந்தது. இன்னொன்று. பிறகு வரவில்லை.

"மாமா."

பம்ப் நின்றது.

அப்படியோர் அமைதியை அந்த வீட்டில் அவள் கேட்டதேயில்லை. அவரை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். கண்ணீர் முட்டியது, வழிந்தது.

பம்ப் மறுபடி உறுமியது.

வாய் உலர்ந்தது. முன்கையில் வியர்வை முத்து முத்தாய்த் திரண்டு, ஒவ்வொன்றும் ஒரே திசையில் உருண்டது. கன்னத்தில் கண்ணீர் கீழே இறங்கவில்லை. குறுக்காக, காதைத் தாண்டி, தோலை மெல்லக் கூசவைத்துக்கொண்டு, சுவரை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.