ஊட்டுகிறவன்

ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் அழைப்பு மணி அடித்தது. சங்கவி கதவைப் பாதிதான் திறந்தாள். வாசலில் அம்மா வச்சலா. கையில் தூக்குச்சட்டி, இடுப்பில் இழுத்துச் செருகிய முந்தானை, மாமல்லபுரத்திலிருந்து பஸ் மாறி பஸ் மாறிப் படூர் வந்து சேர்ந்த எரிச்சல் அத்தனையும் முகத்தில்.

"ரெண்டு மாசமா வூட்டுப் பக்கமே காணோம். உயிரோட கீறியா இன்னான்னு பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்று செருப்பை உதறியவள், ஹாலில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். மூக்கு விடைத்தது.

"இன்னாடி வாடை இது?"

"டிரெய்னேஜ் அடைச்சிருக்கும்மா."

"யார்கிட்ட கதை வுடுற? பொழுதன்னிக்கும் மீன் கூடையோட கெடக்குறவ நானு. இது சாக்கடையும் இல்ல, கெட்டுப்போன மீனும் இல்ல."

சங்கவியின் கண் தன்னாலே சமையலறைப் பக்கம் போனது. அங்கே, அடுப்புக்கு மேலே இருந்த பரணில் அவன் படுத்திருந்தான்.

அவன் வந்து சேர்ந்த கதை வெட்கக்கேடு. வச்சலா மகளுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினால் மூடியின் மேல் ஒரு கரித்துண்டை வைத்துக் கட்டித்தான் அனுப்புவாள். மீன் வாடைக்குக் காத்துக் கருப்பு பின்னாலேயே வரும், கரி இருந்தால் கிட்டே அண்டாது என்பது குப்பத்தில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் சங்கவிக்குத்தான் தெரிந்தும் திமிர். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தபோது கரி அவளுடைய வெள்ளைச் சுடிதாரில் ஈஷிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஊரெல்லாம் பிரியாணி பார்சல் பறக்கிறதே, எதில் கரி கட்டியிருக்கிறான் என்று முணுமுணுத்தபடி அதைப் பிடுங்கி ஏரிக்கரையோரம் எறிந்தாள்.

வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் குழம்பு இருந்தது, மீன் இல்லை. நக்கியெடுத்த முள் மட்டும் மிதந்தது.

மறுநாள் அவன் நேரிலேயே வந்தான். பஸ் நிறுத்தத்திலிருந்து அவளைத் துரத்திப் பேச்சுக் கொடுக்கும் பையன்கள், அன்று அவள் பக்கத்தில் நடந்தவனைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். தெருநாய்கள் வாலை இடுக்கிக்கொண்டன. லட்சணமான முகம். வாயை மட்டும் அதிகம் திறக்கமாட்டான்.

"பயப்படாத. நான் கீறேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் அவள் விழுந்தாள். தலைவலி என்று படுத்தால் ஈரக் கையை நெற்றியில் வைப்பான், வலி பறந்துவிடும். "அபார்ட்மெண்டுக்கு தாவீது அண்ணன் செக்யூரிட்டி, எனக்கு நீ" என்று கிண்டல் செய்வாள். காதல்தான். வேறு பெயர் சொல்லி மழுப்புவானேன்?

பிறகு ஜெகதீசன். அபார்ட்மெண்ட் சங்கத்துச் செயலாளர். குழாய் பார்க்க வந்தேன் என்று மாற்றுச் சாவி போட்டு உள்ளே நுழைந்து அவள் கையைப் பிடித்தான். கடைவாயில் எப்போதும் பன்னீர்ப் புகையிலை. அந்த நாற்றம் முகத்தில் அடிக்க அவள் கத்தினாள். பரணில் ஏதோ நகர்ந்தது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திறந்தபோது ஜெகதீசன் இல்லை.

"ஒன்னத் தொட்டவன உடமாட்டேன்" என்றான் அவன். சங்கவி அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஜெகதீசன் எங்கே என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

அந்தப் பயத்தில் காய்ச்சல் கண்டது. அவன்தான் பக்கத்தில் இருந்து கஞ்சி ஊட்டினான். "கண்ண மூடிக்கோ" என்பான். வெதுவெதுப்பாக, வழுவழுப்பாக, லேசான தித்திப்போடு நாக்கில் இறங்கும். அப்படியொரு ருசியை அவள் கண்டதில்லை. இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிக் குடித்தாள்.

இன்று காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. அடைத்திருந்த மூக்கும் திறந்திருந்தது.

கஞ்சியில் பன்னீர்ப் புகையிலை வாடை.

அவள் கண்ணைத் திறந்தாள்.

கிண்ணம் இல்லை. கரண்டி இல்லை. அவன் முகம் அவள் முகத்துக்கு மேல் கவிழ்ந்திருந்தது. காக்கை குஞ்சுக்கு ஊட்டுமே, அப்படி. தொண்டை எக்கி எக்கி மேலே தள்ள, இரண்டு வரிசைப் பற்களுக்கு நடுவே அது வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது.

குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தியெடுத்தாள். அவன் பரிவோடு முதுகைத் தடவினான். பிறகு மண்டியிட்டு, தரையில் கிடந்ததை ஒரு சொட்டு விடாமல் நக்கி எடுத்தான். "வீணாக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் பரணுக்கு ஏறிப் போனான். சீ, என்ன ஜென்மம் என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதைவிடக் கேவலம், அவளுக்கு இன்னும் பசித்தது.

இந்த லட்சணத்தில்தான் அம்மா வந்து நிற்கிறாள்.

"மூஞ்சி வெளுத்து, கண்ணு குழி வுழுந்து... எவன்டி உள்ள கீறான்?"

"யாரும் இல்லம்மா. நீ கெளம்பு. இப்பவே கெளம்பு." சங்கவி அவள் தோளைப் பிடித்து வாசலைப் பார்த்துத் தள்ளினாள்.

வேகாத வெயிலில் பெற்ற மகளைப் பார்க்க வந்தவளைத் தள்ளினால் எவளுக்குத்தான் பொறுக்கும்? வச்சலா கையை ஓங்கினாள்.

பளார்.

சமையலறையில் பரண் கதவு கிரீச்சிட்டது.

அவன் தலைகீழாக, சுவரில் உள்ளங்கையை ஊன்றி ஊன்றி இறங்கி வந்தான். அவனாக மனம் வைத்தால்தான் மற்றவர் கண்ணுக்குத் தெரிவான். வச்சலா பார்த்தது ஈரத்தை மட்டும்தான்.

"செவுத்துல தண்ணி ஒழுவுது பாரு. நல்லா கட்னான் வூடு."

அவள் கொண்டுவந்த தூக்கின் மேலும் கரித்துண்டு இருந்தது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழியில் தொற்றாமல் தடுக்கத்தான் கரி. குடியேறிவிட்டவனுக்கு அது வெறும் அடுப்புக்கரி.

"ஒன்ன அடிச்சிட்டா" என்றான்.

"எங்கம்மா" என்று சங்கவி கிசுகிசுத்தாள். "அடிக்கிற கைதான் அணைக்கும்."

அவனுக்குப் புரியவில்லை. தாடை கழன்று நெஞ்சு வரை இறங்கியது. உள்ளேயிருந்து அழுகல் மூச்சு வந்தது.

"யார்கிட்டடி பேசிகினு கீற?"

இவனுக்கு என்னதான் புரியும்? ஒன்றுதான் புரியும். ஊட்டுவது.

"அம்மா, பசிக்குது. ஊட்டி வுடும்மா."

"அறைஞ்சாத்தான் பசி வருமா ஒனக்கு? கய்தை வயசாவுது, ஊட்டணுமாம்" என்று திட்டிக்கொண்டே வச்சலா உட்கார்ந்தாள். கோபம் அதற்குள் கரைந்துவிட்டது. சோற்றில் மத்திக் குழம்பை ஊற்றி, முள் நீக்கிப் பிசைந்து, முதல் கவளத்தை நீட்டினாள்.

அவன் வச்சலாவின் பின்னால் குனிந்து நின்றான். பிளந்த வாய் அவள் கொண்டைக்கு மேலே இருந்தது.

குழம்பு வாசம் பட்டதுமே சங்கவிக்கு ஓங்கரித்தது. இப்போது துப்பினால் அம்மா கொடுத்தது விஷம் என்று நினைப்பான். அம்மாவை அள்ளிப் போட்டுக்கொள்வான். அவள் விழுங்கினாள். இரண்டாவது கவளம். உள்ளேயிருந்து புகையிலை நாற்றத்தோடு எதுவோ தொண்டை வரை பொங்கி வந்தது.

வாயைப் பொத்தினாள்.

வந்ததையும் சேர்த்து விழுங்கினாள்.

"நல்லாருக்கும்மா" என்றாள், கண்ணில் நீர் வழிய.

அவன் தாடை மெல்ல மேலே ஏறி மூடிக்கொண்டது. அவன் வச்சலாவின் எச்சில் கையை முகர்ந்து பார்த்தான். முகத்தில் குழந்தைக்கு வருகிற மாதிரி ஒரு வியப்பு.

"ஒனக்கு ஊட்றா" என்றான். "அப்ப இவளும் நம்ம ஆளு."

பொழுது சாய அம்மா ஊருக்குக் கிளம்பினாள். சங்கவி பயந்து பயந்து பரணைத் திறந்தாள். காலி. பாட்டில் பாட்டிலாக பினாயில் ஊற்றி வீட்டைக் கழுவினாள். அம்மா பிழைத்தாள் என்று அழுதாள். அவன் போய்விட்டான் என்றும் அழுதாள், வெட்கமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ஆபீஸ் கேண்டீனில் இருந்தபோது அம்மாவின் போன் வந்தது.

"காச்சல்டி. படுத்த படுக்கையா கெடந்தேன். இப்பத்தான் எழுந்து ஒக்காந்துகினு கீறேன். நீ அனுப்பின புள்ள தங்கமான புள்ள. கண்ண மூடிக்கோங்கம்மான்னு சொல்லி, தானே ஊட்டி வுடுது."

சங்கவி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா, குப்பத்துல யாரையாவது காணோமா?"

"ஆமா, அந்தக் குடிகாரன் செங்கல்வராயன். மீன் போடுற எடத்துக்குத் தகராறு பண்ணி என்னப் புடிச்சுத் தள்னான். அன்னிலேந்து ஆளையே காணோம், ஒழிஞ்சான்." வச்சலா நாக்கைச் சப்புக்கொட்டினாள். "ஆனா அந்தக் கஞ்சி கீதே, இன்னா ருசி தெரியுமா! லேசா சாராய வாடை அடிக்குது, அவ்ளோதான்."

சங்கவி வாயைப் பொத்திக்கொண்டாள். குமட்டும் என்று காத்திருந்தாள். குமட்டவில்லை.

எச்சில் ஊறியது.